முப்பத்தேழாம் நம்பர் கால்

வேலூர்
9 ஜூன் 2024, ஞாயிறு

ஜெபராணிக்கு,

அக்கா என்று எழுதப்போவதில்லை. அமிர்தியில் அருவி பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லிக் கூட்டிவந்து, வேலூரில் இறக்கி, ஆஸ்பத்திரி வார்டுக்குள் விட்டுவிட்டுப் போகிறவளுக்கு வேறு பெயர் இருக்கிறது. அதை எழுதினால், கடிதத்தை எடுத்துவருகிற அம்மா படித்துவிட்டு அழுவாள்.

புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு கிளம்பினேன், தெரியுமா? மாதனூரில் பஸ் ஏறியதுமே எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தாய். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து நீ எனக்கு எப்போது ஜன்னல் சீட் கொடுத்திருக்கிறாய்?

இங்கே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எத்தனை அடி நடந்தேன் என்று அதிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேனாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து நிமிஷம் பேசலாம். உன்னோடு நான் பேசமாட்டேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

ஜன்னல் திட்டில் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார்ந்தால் உடம்பெல்லாம் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறது. ஹெலன் சிஸ்டர் இதுவரை மூன்று தடவை வந்து, "உக்காரும்மா ஹெப்சி, உன்னப் பாத்து எனக்கே கால் வலிக்குது" என்றார்கள். இவர்களுக்கு என் கால்மேல் என்ன அக்கறை!

உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஜூலை எட்டாம் தேதி திங்கட்கிழமை புது சீசன் மாடல்களுக்கு ஃபிட் ட்ரையல். இரண்டு வருஷமாக நம் கம்பெனியில் ஒரு லேடீஸ் ஷூகூட என் காலில் போட்டுப் பார்க்காமல் ஓகே ஆனதில்லை. முப்பத்தேழாம் நம்பருக்கு என் கால்தான் கணக்கு. சாம்பிள் ரூமில் யாரும் என்னைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை, "முப்பத்தேழக் கூப்புடு" என்கிறார்கள். அந்த ஷூவில் வேறு எவளும் கால் விடக் கூடாது. பரணிதரன் மாஸ்டரிடம் சொல்லிவை. எட்டாம் தேதி நான் வந்துவிடுவேன்.

எனக்கு ஒரு வியாதியும் இல்லை.

ஹெப்சி


மாதனூர்
12 ஜூன், புதன்

மகாராணி ஹெப்சி அவர்களுக்கு,

அந்த வேறு பெயரை எழுதியே இருக்கலாம். நானும் தெரிந்துகொண்டிருப்பேன்.

இதைக் கம்பெனி பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் டிரைவரைத் திட்டு. ஆமாம், பொய் சொன்னேன். இன்னும் நூறு தடவை சொல்லச் சொன்னாலும் சொல்வேன். ஏப்ரல் மாசம் தையல் ஹாலில் விழுந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? உன்னைத் தூக்க நாலு பேர் ஓடினார்கள். அதற்குள் அம்பரீன் ஒருத்தியே தூக்கிவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள், "ஜெபா, ஒரு ஷூ பெட்டியத் தூக்கற மாதிரி இருந்துச்சுடி. எனக்கு பயமாயிடுச்சு." மே கடைசியில் ஆம்பூர் டாக்டர் நாடியைப் பிடித்துவிட்டு உடனே வேலூருக்குப் போகச் சொன்னார். ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டதும் நீ என்ன செய்தாய்? பாத்ரூம் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு மத்தியானம் வரை வெளியே வரவில்லை. அப்புறம் அமிர்தி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வதாம்?

போன வெள்ளிக்கிழமை எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து உன் டாக்டரம்மா கேள்வி கேட்டார்கள். எனக்கு ஸ்கூல் பரீட்சையே தேவலை என்று ஆகிவிட்டது. சின்ன வயசிலேயே எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்று அடம் பிடிப்பாளா? வீட்டில் யாராவது உடம்பைப் பற்றிக் கிண்டல் செய்வீர்களா? மனசில் பட்டதை வெளியே சொல்வாளா, உள்ளேயே வைத்துக்கொள்வாளா? எப்போதாவது டயட் இருந்தாளா? அம்மா எதற்கும் அசரவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே பதில், "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர், ரொம்ப நல்ல பொண்ணு. சொன்ன பேச்சு கேக்கும்." குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று அந்தம்மா கேட்டு முடிப்பதற்குள் இல்லை என்று சொல்லிவிட்டாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

மாஸ்டரிடம் பேசினேன். "அவ இடம் எங்கயும் போய்டாது, நல்லா தேறி வரச் சொல்லு" என்றார். அதனால் கொடுத்ததைச் சாப்பிடு, தேறு, வா. உன் இடம் உனக்குத்தான்.

அம்மா பிரித்துப் படிக்கக் கூடாது என்பதற்காக, கவரைக் கம்பெனி சொல்யூஷன் போட்டு ஒட்டியிருக்கிறேன். ஷூவின் அடியை ஒட்டுகிற சரக்கு. பார்த்துக் கிழி.

உன் அக்கா
(நீ ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும்)


வேலூர்
16 ஜூன், ஞாயிறு

அக்காவுக்கு,

அம்மா கெஞ்சியதால் அக்கா என்று போட்டிருக்கிறேன்.

உன் கவரைப் பார்த்து வார்டே மூக்கைப் பொத்திக்கொண்டது. "இன்னாம்மா இது, கடுதாசியா, பூட்ஸா?" என்று ஹெலன் சிஸ்டர் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்த வாடை நன்றாக இருந்தது. சாம்பிள் ரூம் வாடை. கவரைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

உங்களிடம் கேட்ட கேள்விகளையெல்லாம் என்னிடமும் கேட்டார்கள். அம்மா மாதிரி நான் பொய் சொல்லவில்லை. நோட்டில் மார்ஜின் கோடு கொஞ்சம் சாய்ந்தாலும் பக்கத்தைக் கிழித்துப்போட்டு முதலிலிருந்து எழுதுவேன் என்றேன். எந்த டீச்சரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை, கைதட்டத்தான் சொன்னார்கள். லெந்து நாட்களைப் பற்றியும் சொன்னேன். சபையில் எல்லோரும் நாற்பது நாள் ஒருவேளை உபவாசம் இருந்தார்கள். நானும் இருந்தேன். போதகர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "இந்தத் தங்கச்சியப் பாருங்க, இந்த வயசுல என்னா வைராக்கியம்" என்றார். அம்மாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஈஸ்டர் அன்றைக்கு எல்லோரும் பிரியாணி சாப்பிட்டார்கள். எனக்குத் திரும்பி வரத் தெரியவில்லை அக்கா. உள்ளே போகிறபோது கூட நாற்பது பேர் இருந்தார்கள். வெளியே வருகிற நேரம் பார்த்தால் நான் மட்டும்தான் உள்ளே இருந்தேன். டாக்டர் இதை எழுதிக்கொண்டார்கள்.

ஆரம்பம் லெந்து இல்லை. அதையும் சொல்லிவிட்டேன். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ஒரு நாள் மத்தியானம் ஒரு பம்ப் ஷூ என் காலில் ஏறவில்லை. மத்தியானத்தில் யாருடைய காலும் கொஞ்சம் உப்பும் என்று எனக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியாது. மாஸ்டர் கேட்டார், "இன்னா முப்பத்தேழு, கேக்கெல்லாம் கால்ல எறங்கிடுச்சா?" நம் ஷூவை வாங்குகிற வெளிநாட்டு பையருடைய ஆள்கூட அர்த்தம் புரியாமல் சிரித்தார். ரூம் முழுக்கச் சிரித்தது. நீதான் ஜாஸ்தி சிரித்தாய்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த நாளிலிருந்து ட்ரையல் இருந்தால் டிபன் பாக்ஸைத் திறப்பதில்லை. அவ்வளவுதான். பாட்டுக்காரர்கள் தொண்டையைக் காப்பாற்றுவது மாதிரி நான் காலைக் காப்பாற்றினேன். இதற்குப் பேர் வியாதியா?

சாப்பிட்டுத் தேறி வா, உன் இடம் உனக்குத்தான் என்கிறாய். கொஞ்சம் யோசித்துப்பார். சாப்பிட்டுத் தேறி வந்தால் என் கால் அதே முப்பத்தேழாக இருக்கும் என்று மாஸ்டர் எழுதிக் கொடுப்பாரா?

எனக்கு ஒரு உதவி செய். திங்கட்கிழமைதோறும் என் பாதத்தைச் சுற்றி டேப் வைத்து அளந்து கார்டில் எழுதுவாயே, அதை நகல் எடுத்து அனுப்பு. நான் மாறிவிட்டேன் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். என் கால் ஒரு நூல்கூட மாறவில்லை. அதைக் காட்டுகிறேன்.

ஹெப்சி


மாதனூர்
19 ஜூன், புதன்

ஹெப்சி,

கார்டு நகல் இதோடு இருக்கிறது. நவம்பரிலிருந்து மே வரை எல்லா வாரமும் சுற்றளவு 22.2 சென்டிமீட்டர். கேட்டாய், அனுப்பிவிட்டேன்.

இங்கே ஒரே பேஜார். பிப்ரவரியில் ஓகே ஆன ஒரு மாடலைப் பற்றி பையரிடமிருந்து மெயில் வந்திருக்கிறதாம். மாஸ்டர் காலையிலிருந்து யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறார். அம்பரீன் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். உனக்காக மசூதியில் துவா கேட்கச் சொல்லியிருக்கிறாளாம். அம்மாவும் சபையில் ஜெபக் குறிப்பு கொடுத்திருக்கிறாள், என்ன வியாதி என்று மட்டும் சொல்லவில்லை. வயிற்றுப் புண் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். நேற்று நல்ல மழை. கொடியில் உன் துப்பட்டா நனைந்துவிட்டது. எடுத்து உள்ளே போட்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். பரவாயில்லை, அப்புறம் சொல்கிறேன்.

அந்தக் கார்டை டாக்டரிடம் காட்டத்தான் வேண்டுமா? அது கம்பெனி காகிதம் பார். காட்ட வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உன் இஷ்டம்.

கேக் விஷயம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் ஏன் அப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை. மாஸ்டர் சிரித்தால் நாங்கள் எல்லோரும் சிரிப்போம், ஏழு வருஷப் பழக்கம்.

சாப்பிடு.

ஜெபராணி


வேலூர்
26 ஜூன், புதன்

அக்கா,

காட்டிவிட்டேன்! டாக்டர் மேசையில் கார்டை விரித்துவைத்தேன். "பாருங்க மேடம், ஏழு மாசம், ஒரே அளவு. ஒடம்பு உருகிப்போச்சு உருகிப்போச்சுன்றீங்களே, கால் மட்டும் தனியா நிக்குமா?" என்று கேட்டேன். அவர்கள் கார்டைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தார்கள். "இத எழுதுனது யாரு?" என்று மட்டும் கேட்டார்கள். எங்கள் அக்கா, அவள் எழுதினால் தப்பே இருக்காது என்றேன்.

அதோடு பாலை நிறுத்திவிட்டேன். சாயங்காலச் சுண்டலையும் நிறுத்திவிட்டேன். ஆரோக்கியமாக இருக்கிறவளுக்கு எதற்கு மருந்து மாதிரி சாப்பாடு?

ஆனால் அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. நாலு நாளாக இரண்டு காலும் வீங்கியிருக்கின்றன. விரலால் அமுக்கினால் குழி விழுகிறது, அந்தக் குழி அப்படியே நிற்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் செருப்பின் வார்கூட மேலே ஏறவில்லை. வெறுங்காலோடு நடக்கிறேன். இவர்கள் சாப்பிடச் சொன்னார்கள், இரண்டு வாரம் சாப்பிட்டேன், என் காலை இப்படிச் செய்துவிட்டார்கள். இது தண்ணீர்தான், தானாக வடியும் என்கிறார்கள். வடியாவிட்டால்? அப்பாவின் கால் மாதிரி ஆகிவிட்டது. எட்டாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது.

அதனால் முடிவு செய்துவிட்டேன். எனக்கு இருபது வயசு ஆகிவிட்டது. டாக்டர் பேச்சைக் கேட்காமல் சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் விட்டுத்தான் ஆக வேண்டும். ஹெலன் சிஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "நாடி இன்னும் கம்மியாத்தாம்மா இருக்கு, இப்பப் போனா வழியிலயே இதயம் நின்னுப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று மிரட்டுகிறார்கள். என்னிடம் கார்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போடப்போகிறேன். வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் காலைச் சரிசெய்துகொள்வேன். எப்படி என்று எனக்குத் தெரியும்.

கவரை நன்றாக ஒட்டி அனுப்புகிறேன், அம்மாவிடம் சொல்லாதே.

ஹெப்சி


வேலூர்
27 ஜூன், வியாழன்

ஹெப்சி,

வேலூர் என்று போட்டிருக்கிறதே என்று பார்க்காதே. உன் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இன்றைக்குப் பார்க்க விடமாட்டார்கள். எழுதி முடித்து ஹெலன் சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். நேரில் விட்டிருந்தாலும் என்னால் சொல்லியிருக்க முடியாது.

அந்தக் கார்டு பொய்.

22.2 என்பது நவம்பர் அளவு மட்டும்தான். மற்றதெல்லாம் நான் பார்த்து எழுதியது. பதினெட்டு வயசுக்குமேல் கால் மாறாது, சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு அளக்கிறோம் என்று மாஸ்டர் முதல் நாளே சொல்லித்தந்தார். சாம்பிள் ரூமில் எல்லோருக்கும் இதுதான் பழக்கம், போன வாரத்து எண்ணைப் பார்த்து இந்த வாரம் எழுதிவிடுவது. முதலில் சோம்பேறித்தனத்தால் எழுதினேன். ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை, மாஸ்டர் பக்கத்தில் நின்றதால் ஒழுங்காக அளந்தேன். 21.8. டேப் பழசாகி நைந்துவிட்டது என்று நினைத்து ஸ்டோரில் புது டேப் வாங்கிவந்து மறுபடி அளந்தேன். 21.8தான். கார்டில் 22.2 என்று எழுதினேன்.

பிப்ரவரி கடைசியில் 21.5. ஏப்ரலில், நீ விழுவதற்கு முந்தின வாரம், 21.1. உன் கால் மேல்பக்கத்தில் நரம்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அதற்குமேல் டேப்பைச் சுற்றினேன். என் கண்ணால் பார்த்தேன் ஹெப்சி. வேறு யாரும் பார்க்கவில்லை. நீ தொளதொளவென்று சுடிதார் போட்டு அம்மா கண்ணை மறைத்தாய், என் கையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். நான் 22.2 என்று எழுதினேன்.

ஏன் என்று கேட்பாய். சரியான அளவை எழுதினால் மாஸ்டர் அம்பரீனைக் கூப்பிட்டிருப்பார், அவள் காலும் முப்பத்தேழுதான். அது ஒன்று. இன்னொன்று, சொல்லக் கேவலமாக இருக்கிறது. ஏழு வருஷம் அந்த ரூமில் வேலை பார்க்கிறேன், ஒருத்தருக்கும் என் பேர் தெரியாது. நீ வந்த பிறகுதான் நான் முப்பத்தேழோட அக்கா ஆனேன். வெளிநாட்டுக்காரன்கூட எனக்கு வணக்கம் சொன்னான். அது எனக்கு வேண்டியிருந்தது.

பையர் மெயில் என்று எழுதினேனே, அது இதுதான். பிப்ரவரி ட்ரையலுக்குப் பையருடைய ஆள் வரவில்லை, வீடியோவில் பார்த்தே ஓகே சொன்னார். ஷூ உன் காலில் லூசாக இருந்தது. கார்டில் கால் மாறவில்லையே, அப்படியென்றால் ஷூவில்தான் தப்பு என்று மாஸ்டர் பேட்டர்ன் அளவைக் குறைத்தார். நாலாயிரம் ஜோடி அந்த அளவில் போய்விட்டது. அங்கே முப்பத்தேழு போடுகிற ஒரு பெண்பிள்ளையாலும் அதற்குள் கால் விட முடியவில்லையாம். அத்தனை ஷூவும் பட்டினி கிடந்த ஒரு காலுக்குத் தைத்தது. வீட்டில் இருந்த மூன்று பேரும் சொல்லாததைக் கடைசியில் அந்த ஷூதான் சொல்லிற்று.

நேற்றுச் சாயங்காலம் உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாஸ்டர் வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். தலையில் கை வைத்துக்கொண்டு, "நானும் பாத்தேனேம்மா. எல்லாரும்தான் பாத்தோம்" என்றார். என்னைப் பேக்கிங் பக்கம் மாற்றுகிறார்கள். அது எனக்கு வேண்டும்தான்.

இன்னொன்றும் செய்தேன். நீ எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. "எட்டாம் தேதி அம்பரீன் கால வெச்சுப் பாருங்க சார். ஹெப்சி இனிமே இந்த வேலைக்கு வரமாட்டா" என்று சொல்லிவிட்டேன். "தேறி வந்தா?" என்று கேட்டார். "வந்தா தையல் லைன்ல உக்காரட்டும். கால அளக்கற வேல அவளுக்கு வேணாம்" என்றேன். உன் இடம் உனக்குத்தான் என்று நான் எழுதியதுதான் பெரிய பொய். அந்த இடம் இருக்கிற வரைக்கும் உனக்குச் சாப்பாடு இறங்காது என்பது எனக்கு உன் போன கடிதத்தில்தான் புரிந்தது.

இப்போதுதான் உன் டாக்டரைப் பார்த்துச் சரியான அளவுகளைக் கொடுத்தேன். அவர்கள் ஆச்சரியப்படவே இல்லை. பட்டினி கிடந்த உடம்பு சாப்பாட்டைப் பார்த்ததும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். இரண்டு மூன்று வாரத்தில் வடிந்துவிடுமாம். அது சதை இல்லை ஹெப்சி.

யாரிடம் வேண்டுமானாலும் கோபித்துக்கொள், என்னிடம் ஜாஸ்தியாகக் கோபித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து மட்டும் போடாதே.

ஜெபராணி


வேலூர்
29 ஜூன், சனி

படித்தேன். என் வேலையைக் கேட்காமல் தூக்கிக் கொடுக்க நீ யார்?

நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன். மாதனூருக்கு வந்தாலும் உன் முகத்தில் விழிக்கமாட்டேன். இதை அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். இனி எழுதாதே.


மாதனூர்
30 ஜூன், ஞாயிறு காலை

எழுதாதே என்றாய். இது ஒன்றுதான்.

அம்மா ஆராதனைக்குப் போகாமல் நேராக உன்னிடம் வருகிறாள், அவள் கையில் கொடுக்கிறேன். நான் வந்தால் என்மேல் இருக்கிற கோபத்திலேயே கையெழுத்துப் போட்டுவிடுவாய் என்று வரவில்லை. வீட்டுக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். உன் வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டதோ என்னவோ, என்னாலும் உட்கார முடியவில்லை.

என்னை மன்னிக்க வேண்டாம். சாகிற வரைக்கும் திட்டு. அதற்கு நீ இருக்க வேண்டும்.

ஜெ.


வேலூர்
3 ஜூலை, புதன்

அக்கா,

நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். அம்மா சொல்லியிருப்பாள். ஆனால் அவளுக்குப் பாதிதான் தெரியும்.

சனிக்கிழமை அப்பா தனியாக வந்தார். என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். கடைசியில், "எங்க அக்கா சலோமி" என்று ஆரம்பித்தார். அல்சர் வந்து செத்துப்போன அத்தை என்று நமக்குச் சொல்லியிருக்கிறார்களே, அவர்கள்தான். அல்சரெல்லாம் இல்லையாம். சோற்றைத் தாவணி முடிச்சில் மறைத்துக்கொண்டு போய்க் கோழிக்குப் போடுவார்களாம். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. "நான் பாத்தேன். அக்கா சொல்லாதேன்னு சொன்னா. சொல்லல" என்றார். அப்பா அழுது நீ பார்த்திருக்கிறாயா? நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். போகும்போது டாக்டரிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போனார். இது நம் ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கலாம், ஒருத்தர் செய்த தப்பால் மட்டும் வருவதில்லை என்று டாக்டர் சொன்னார்கள். உன்னை விட்டுவிடுவதற்காக இதை எழுதவில்லை.

அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமை படிவத்தைக் கேட்டு வாங்கினேன். அம்மா கொடுத்த உன் கவரைப் பிரிக்கவே இல்லை. படிவத்தில் பேர், வயசு, ஊர் எல்லாம் எழுதினேன். அதற்குக் கீழே, சிகிச்சையை விட்டுப் போவதற்கான காரணம் என்று ஒரு கோடு போட்டிருக்கிறது. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் வேலை என்று எழுதலாம் என்றால் அதைத்தான் நீ கொடுத்துவிட்டாய். எனக்கு வியாதி இல்லை என்று எழுதலாம் என்றால் கார்டு பொய். என்னென்னவோ யோசித்தேன். அந்த ஒரு கோட்டை நிரப்ப என்னிடம் ஒரு காரணமும் இல்லை அக்கா. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது, இத்தனை நேரம் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று. வந்ததிலிருந்து அவ்வளவு நேரம் உட்கார்ந்ததே இல்லை.

அதற்குள் மத்தியானச் சாப்பாடு வந்துவிட்டது. சாதம், சாம்பார், முட்டை. படிவத்தை ஹெலன் சிஸ்டர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டேன். முழுசாக. ஒரு மணி நேரம் ஆயிற்று. சாப்பிட்ட ஒவ்வொரு வாய்க்கும் உன்னைத் திட்டினேன். சிஸ்டர் காதில் விழுகிற மாதிரியே திட்டினேன். "திட்டும்மா, திட்டிக்கினே சாப்புடு" என்றார்கள்.

திங்கட்கிழமை பாதிதான் சாப்பிட்டேன். நேற்று முழுசாக. இன்றைக்குக் காலையில் இட்லியைப் பார்த்ததும் ஓடிவிடலாம் போல இருந்தது. இது சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அம்மா சபையில் சாட்சி சொல்லக் கிளம்பியிருக்கிறாள், அவளைத் தடுத்து நிறுத்து. மறுபடியும் என்னை எழுப்பி நிற்கவைத்து யாரும் கைதட்டக் கூடாது. கால் அப்படியேதான் வீங்கியிருக்கிறது. நான் பார்ப்பதில்லை, போர்வையால் மூடிவைத்திருக்கிறேன்.

சாப்பிடுவதைவிட அதற்குப் பிறகு வருகிற அரை மணி நேரம்தான் கொடுமை. எழுந்திருக்கக் கூடாது, நடக்கக் கூடாது, பாத்ரூமுக்குப் போகக் கூடாது. வயிற்றுக்குள் கல்லைக் கட்டிவிட்டு உட்காரச் சொல்கிற மாதிரி இருக்கும். கத்த வேண்டும் போல இருக்கும். வீட்டு ஆள் ஒருத்தர் அந்த நேரம் கூட உட்காரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்கள், யாரைக் கூப்பிடுகிறாய் என்று கேட்டார்கள். அம்மா வேண்டாம், என்னைப் பார்த்து அழுவாள். அப்பாவால் தாங்க முடியாது.

நீ வா. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு. உன்மேல் கோபம் போகவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டேன். மோசமாக ஏதாவது சொன்னாலும் சொல்வேன். நீ எழுந்து போகக் கூடாது.

ஹெப்சி